கூறு போட்டு விற்கும் செய்தி

கற்றோர் நடுவே அண்மைக் காலமாக ஒரு வாதம் செல்வாக்குப் பெற்று வருகின்றது. செய்தித்தாள்கள் தங்கள் இணையப் பக்கங்களைப் பூட்டிவைத்துக்கொண்டு சந்தா கேட்கின்றன. நமக்கு வேண்டியதோ அவற்றுள் ஒரே ஒரு கட்டுரை. அந்த ஒன்றுக்கு இரண்டு ரூபாயோ ஐந்து ரூபாயோ பெற்றுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டால் என்ன? ஒரு கட்டுரையைப் படிக்க ஓராண்டுச் சந்தா கட்ட வேண்டுமா? இதுவே அவ்வாதம். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றுவது. நாமும் சில காலம் இதனை நியாயம் என்றே எண்ணியிருந்தோம். இப்போது பிழை என்று கருதுகின்றோம். கொண்டாடுவோர் பெருகி வருவதால் வெளிப்படையாகவே மறுக்கத் துணிகின்றோம்.

நம்மிடம் ஓதிச் சென்று, இப்போது சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர் பெருநாள் விடுப்பில் ஊர் வந்திருந்தார். பேச்சு இதில் வந்து நின்றது. “ஹஸ்ரத், மீன் கடையில் கால் கிலோ நெத்திலி கேட்டால் கூடையோடு எடுத்துக்கொள் என்றா சொல்கிறார்கள்? பெரிய மீனாக இருந்தாலும் வெட்டி, கூறு போட்டுத் தருகிறார்களே. செய்தித்தாள்காரர் மட்டும் ஏன் முழு மீனையும் நம் தலையில் கட்டுகிறார்?” என்றார். “கூறு போடுவது செத்த மீனை, தம்பி” என்றோம். அவர் சிரித்தார். நாமும் சிரித்தோம். சிரிப்பு விடையாகாது என்பது அன்றிரவு படுக்கையில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது. அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசகரின் குறை பொய்க் குறை அன்று. நாமே பட்டிருக்கின்றோம். பழைய அரபுக் கையெழுத்துச் சுவடிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக வெளிநாட்டு இதழ் ஒன்றின் வாசலில் நின்றோம். முதல் மாதத்திற்கு மிகச் சிறு தொகை என்று அழைத்தார்கள், கட்டினோம், கட்டுரையையும் படித்தோம், மறந்துபோனோம். பின்னர் ஒரு நாள் முழு ஆண்டுத் தொகையும் நம் கணக்கிலிருந்து தானே கழிந்திருந்தது. இவ்வாறு பிடித்தம் செய்வதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அறிவிப்பு வரவே செய்தது. நோன்பு மாதத்து இரவில் வந்த அக்குறுஞ்செய்தியை நாம் கண்டது மூன்றாம் நாள். நிறுத்தச் சொல்லும் பொத்தானைத் தேடி அந்த இணையப் பக்கத்தில் நாம் அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும். ஆகவே சந்தா என்னும் பெயரில் வலை விரிப்போருக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. நோய் உண்டு, அதற்குக் கூறப்படும் மருந்துதான் தவறு என்கின்றோம்.

அந்த மருந்தைக் குடித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு, அது நெதர்லாந்து. அலெக்சாண்டர் க்ளாப்பிங், மார்ட்டன் பிளாங்கஸ்டைன் என்னும் இளம் பத்திரிகையாளர் இருவர் 2014 ஏப்ரலில் ‘பிளெண்டில்’ என்றோர் இணையக் கடையைத் திறந்தனர். அந்நாட்டின் முதன்மையான நாளிதழ்களும் வார இதழ்களும் பெரும்பாலும் தங்கள் சரக்கை அங்கே கொண்டுவந்து அடுக்கின. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு விலை. அதுவும் சில சென்ட் காசுகளே. முன்பணம் சிறிது போட்டு வைத்துக்கொண்டால் தொட்டவுடன் கட்டுரை திறக்கும், காசு கழியும். அக்காசில் 70 விழுக்காடு இதழுக்கு, 30 விழுக்காடு கடைக்கு. படித்து முடித்தபின் ஏமாந்தோம் என்று தோன்றினால் காரணம் கூறிக் காசைத் திரும்பப் பெறலாம். வாசகனுக்கு இதைவிட இணக்கமான கடையை யாரால் கட்ட முடியும்? அவ்வாண்டு அக்டோபரிலேயே நியூயார்க் டைம்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஆக்சல் ஸ்பிரிங்கர் நிறுவனமும் சேர்ந்து 30 லட்சம் யூரோ முதலிட்டன. கடை 2015இல் ஜெர்மனிக்கும் 2016இல் அமெரிக்காவுக்கும் சென்றது. பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். முடிவு யாது? 2019இல் தனிக் கட்டுரை விற்பனையைக் கைவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறுவதாக அக்கடையே அறிவித்தது. 2020இல் பிரான்சு நாட்டின் ‘காஃபேன்’ என்னும் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. காஃபேனும் சந்தாக் கடையே.

ஒரு கடை நட்டப்பட்டதால் கொள்கை பொய்யாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். கெட்டிக்கார வணிகன் எத்தனையோ பேர் நல்ல சரக்கை விற்று நொடித்திருக்கின்றனர். ஆனால் அக்கடையில் எது விலைபோயிற்று, எது விலைபோகவில்லை என்பதே நாம் உற்று நோக்க வேண்டியது. கடையைத் திறந்தவரே 2015இல் அதனை எழுதியிருக்கின்றார். நீண்ட பின்னணிக் கட்டுரைகள், நேர்காணல்கள், ஆழமான கருத்துரைகள் விலைபோயின. அன்றாடச் செய்தியை வாங்குவோர் அரிது. அதுதான் எங்கும் இலவசமாகக் கிடைக்கின்றதே! கிசுகிசு இதழ்களை ஆசையோடு திறந்தவர்கள் படித்து முடித்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்டதும் மிகுதியாக இருந்தது.

இறுதியாகச் சொன்னது நம் கட்சிக்கு மாறானது என்பதை மறைக்கமாட்டோம். ‘தனித்தனியாக விற்றால் மலிவான சரக்கே ஓடும்’ என்று வழக்கமாகக் கூறுவார்கள், நாமும் கூறியதுண்டு. பிளெண்டிலின் அனுபவம் அதனை முழுமையாக மெய்ப்பிக்கவில்லை. காசு கொடுக்கும் மனிதன் சற்று நிதானித்தே கொடுக்கின்றான். நன்று. ஆனால் அதனினும் பெரிய உண்மை அதற்கு முன்னுள்ள வரியில் இருக்கின்றது. அன்றாடச் செய்தி தனியாக விலைபோகவில்லை! நகராட்சிக் கூட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவமனையில் மருந்தில்லாமை, ஆற்றில் மணல் அள்ளியவன் பிடிபட்டது ஆகிய இவற்றை நாள்தோறும் போய்ப் பார்த்து எழுதி வருவதற்கே செய்தித்தாள் என்ற ஒன்று ஏற்பட்டது. அந்த வேலையைத்தான் கூறு போட்ட கடையில் கேட்பாரில்லை.

அமெரிக்காவில் வால்ட்டர் ஐசக்சன் என்பார் 2009 பிப்ரவரியில் டைம் வார இதழில் செய்தித்தாளைக் காப்பாற்ற வழி சொல்லி எழுதினார். பாட்டொன்றை 99 சென்ட்டுக்கு விற்று ஆப்பிள் நிறுவனம் வெற்றி கண்டதைப் போலச் செய்தியையும் சில்லறைக் காசுக்கு விற்கலாம் என்பது அவர் கூற்று. அந்தப் பாட்டுக்கடை 2003இல் திறக்கப்பட்டது. உவமை கவர்ச்சியானது, ஆனால் பொருந்தாதது. பாட்டை வாங்குவோன் அதனை ஏற்கெனவே எங்கோ கேட்டவன். இன்னும் நூறு முறை கேட்கப் போகின்றவன். செய்தியை வாங்குவோன் அதனை முன்னர் அறியாதவன். அறிந்தபின் இரண்டாம் முறை திறக்காதவன். ஒன்று மீண்டும் மீண்டும் உடுத்தும் வேட்டி. மற்றொன்று ஒரு வேளைச் சோறு. போகட்டும், உவமை காட்டிய பாட்டுக் கடையாவது அந்த வழியில் நின்றதா? 2015இல் அதே ஆப்பிள் நிறுவனம் மாதச் சந்தாவுக்கு எல்லாப் பாட்டும் என்று வேறொரு வாசலைத் திறந்தது. வழிகாட்டிய மரமே இடம் பெயர்ந்துவிட்டது.

பார்க்காத பொருளை விற்கலாமா என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் பழைய வழக்கு. இந்நாட்டுக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அவ்விற்பனை செல்லாது. ஹனஃபீ இமாம்கள் செல்லும் என்பர். ஆனால் பொருளைக் கண்ட பின்னர் வேண்டாம் என்று தள்ளும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்பர். ‘கியாருர் ருஃயா’ என்பது அவ்வுரிமையின் பெயர். பிளெண்டில் காசைத் திருப்பித் தந்தபோது, தானறியாமலே ஹனஃபீச் சட்டத்தின் வழியில் நடந்தது என்று நாம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ஆனால் துணியைப் பிரித்துப் பார்த்து வேண்டாமென்றால் துணி கடைக்காரனிடம் திரும்பிவிடும். படித்த செய்தி எங்கே திரும்பும்? கண்டுவிட்டாலே பொருள் நுகரப்பட்டுவிடுகின்றது. காணாமல் வாங்கினால் குருட்டு வாணிபம். தலைப்பை மட்டும் வெளியே காட்டிவிட்டு உள்ளே இருப்பதற்கு விலை கேட்கும் எந்தக் கடையும் இந்த இக்கட்டிலிருந்து தப்ப முடியாது. தலைப்பே சரக்கின் முகமாகிவிட்டால், முகத்துக்குச் சாயம் பூசுவதற்கே மிகுந்த உழைப்பும் செல்லும்.

செய்தித்தாளை நாள்தோறும் வாங்குவோன் இக்குருட்டு வாணிபம் செய்யவில்லையா? அவனும் நாளைய செய்தியைப் பார்த்துவிட்டா வாங்குகின்றான்? இல்லை. ஆனால் அவன் வாங்குவது செய்தியை அன்று. செய்தி கொண்டுவருபவரின் நம்பகத்தை. நபிமொழிக் கலையை ஓதியோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். ஓர் அறிவிப்பு நம்மிடம் வந்தால் அதன் சொல்லை எடைபோடுமுன் அதைக் கொண்டுவந்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது, இதற்குமுன் பிழைபட்டதுண்டா என்றே நம் முன்னோர் கேட்டனர். அறிவிப்பாளர் ஒருவரின் ஒற்றை அறிவிப்பைக்கொண்டு அவரை அளந்துவிட முடியாது. அவர் அறிவித்த அனைத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். செய்தித்தாளும் அத்தகைய அறிவிப்பாளரே. முப்பது நாள் ஒரு தாளைப் படித்தவனுக்கு, அது எதைப் பெரிதாக்கும், எதை மழுப்பும், எவரைக் கண்டால் குரல் தாழ்த்தும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். முப்பது தாள்களில் ஆளுக்கொரு கட்டுரையாக வாங்கிப் படித்தவனுக்கு முப்பது செய்தி தெரியும். ஓர் அறிவிப்பாளரையும் தெரியாது. நம் மக்கள் வழக்கில் செய்திக்குக் ‘கபர்’ என்று பெயர். அரபு இலக்கணத்திலும் ‘கபர்’ உண்டு, அது பயனிலை. எழுவாயாகிய ‘முப்ததா’ இன்றி அது தனித்து நின்றால் வாக்கியம் நிரம்பாது. முதலாண்டு மாணவனுக்கு ஓதிக்கொடுக்கும் பாடம்.

இவையெல்லாம் ஏட்டு நியாயம் எனின், நம் ஊரில் நடந்ததைக் கூறுகின்றோம். 1991ஆம் ஆண்டு. ஊருக்கு வெளியே புறவழிச் சாலை அமைக்க நிலம் எடுக்க முனைந்தனர். அன்றைய நிலம் எடுப்புச் சட்டத்தின்படி அந்த அறிவிப்பு அப்பகுதியில் செல்லும் இரண்டு நாளிதழ்களில், ஒன்றேனும் வட்டார மொழியில், வெளியாக வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க அப்போது 30 நாள் அவகாசம் இருந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி ஒட்டப்படவும் இல்லை. நாளிதழில் ஏழாம் பக்கமோ எட்டாம் பக்கமோ, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், சர்வே எண்களின் நீண்ட பட்டியலாக அது வெளியாகியிருந்தது.

தேநீர்க் கடையில் நாளிதழ் முழுதாக எவர் கையிலும் கிடைப்பதில்லை என்பது அக்காலத்து மனிதர் அறிந்தது. முதல் தாள் முந்தி வந்தவருக்கு. விளையாட்டுத் தாள் இளைஞருக்கு. பிந்தி வந்தவருக்கு எஞ்சிய நடுத்தாள். அன்று பிந்தி வந்தவர் தையற்கடைக் காக்கா ஒருவர். தேநீர் ஆறும் வரையில் கையில் இருந்ததைப் படித்தார். படிக்க வேறொன்றும் இல்லாமையால் சர்வே எண்களையும் படித்தார். அதில் ஓர் எண் அவர் தங்கையின் தென்னந்தோப்பு எண்! தேநீரை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். அன்று மாலை பள்ளிவாசல் முற்றத்தில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக யாருடையது என்று பெரியவர்கள் குறித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். எல்லாச் சமுதாயத்தாரும் அவற்றுள் இருந்தனர். ஆட்சேபம் தெரிவிக்க அப்போது எஞ்சியிருந்தது 11 நாள். நாம் அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த இளைஞர்; கையெழுத்து நன்றாக இருந்தமையால் மனுக்களை எழுதிக்கொடுக்கும் வேலை நமக்கு வந்தது. தோப்புகள் சில தப்பின, சில போயின. தங்கையின் தோப்பு பாதி போயிற்று. ஆயினும் அவர்கள் கூற்றைக் கேளாமல் எடுத்துவிட்டார்கள் என்ற நிலை ஏற்படவில்லை.

நம் மாணவரிடம் இதைத்தான் கேட்க விரும்புகின்றோம்: அந்த ஏழாம் பக்கத்தை எவன் இரண்டு ரூபாய் கொடுத்துத் திறந்திருப்பான்? அதற்கு என்ன தலைப்புப் போட்டு விற்றிருப்பீர்? அது விளம்பரமேயன்றிக் கட்டுரை அன்று என்று மறுத்தால் மறுக்கலாம். ஆனால் நகராட்சி ஏலம், குடிநீர்ப் பரிசோதனை, கூட்டுறவுச் சங்கத் தணிக்கை என்று நிருபர்கள் எழுதும் பத்து வரிச் செய்திகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. தனக்கு இன்னது வேண்டும் என்று தெரிந்தவன் தேடிப்போய் வாங்குவான். தனக்கு வேண்டியது இன்னது என்றே தெரியாதவன் நிலை என்ன? தையற்கடைக் காக்கா அந்தச் செய்தியைத் தேடவில்லை. அது அவரைத் தேடி வந்தது. வேறொன்றை விரும்பியவர்கள் விலை கொடுத்து வாங்கிய தாளின் முதுகில் ஏறி வந்தது.

முழுத் தாளை விற்பதன் மறைபொருள் இதுவே. மட்டைப்பந்து ஆட்டத்திற்காக வாங்குபவன் காசில் நீதிமன்ற நிருபர் ஊதியம் பெறுகின்றார். திரைப்படச் செய்திக்காக வாங்கும் பிள்ளையின் காசில் விவசாயப் பக்கம் நிற்கின்றது. இதை ஏமாற்று என்பார் என்னட்டும்; நாம் கூட்டு என்போம். கட்டுரைக்குக் கட்டுரை கணக்கு வந்துவிட்டால், ‘உம்முடைய நகராட்சிச் செய்தி இம்மாதம் எத்தனை ரூபாய்க்கு விற்றது?’ என்று நிருபரைக் கேட்கும் முதலாளிக்கு வெகுநாள் பிடிக்காது. இப்போதே எத்தனை பேர் திறந்தார்கள் என்று கணக்குக் காட்டி மிரட்டுகின்றார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு ரூபாய்க் குறியும் சேர்ந்துவிட்டால் அந்த நிருபரின் நாற்காலி எங்கே இருக்கும்?

சில்லறைக் காசு வாங்கும் செலவே தடை, அந்தத் தடை நீங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உளர். முற்காலத்தில் அது மெய். இன்று நம் நாட்டில் அந்தத் தடையே இல்லை. 2016இல் யு.பி.ஐ. முறை வந்தது, 2020 ஜனவரி முதல் அவ்வழியில் பணம் பெறும் வணிகரிடம் வாங்கப்பட்ட கட்டணமும் நீக்கப்பட்டது. கீரை விற்கும் பாட்டியும் கட்டம் போட்ட அட்டையை நீட்டிப் பத்து ரூபாய் வாங்குகின்றார். அப்படியிருந்தும் கூறு போட்ட செய்திக் கடை இங்கே ஏன் செழிக்கவில்லை? கிளே ஷிர்க்கி என்னும் அமெரிக்கர் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை எழுதினார். காசின் அளவு எத்துணைச் சிறிதாயினும், ‘இது அந்தக் காசு பெறுமா?’ என்று மனம் ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டியிருக்கின்றது. அந்த எடைபோடுதலே வாசகனைக் களைக்கச் செய்துவிடும் என்றார். நாள்தோறும் காலையில் இருபது முறை தராசு தூக்குபவன் செய்தி படிப்பவன் அல்லன். அவன் மளிகைக் கடைக்காரன்.

எனின், வாசகர் பக்கமுள்ள குறைக்கு என்ன வழி? இங்கேதான் நாம் பத்திரிகை முதலாளிகளின் பக்கம் திரும்புகின்றோம். ‘கட்டுரையாக விற்கமாட்டோம், ஓராண்டாகத்தான் விற்போம்’ என்று அவர்கள் கூறுவது எந்த ஊர் வழக்கம்? நம் தெருமுனைக் கடையில் எக்காலத்திலாவது அப்படி விற்றதுண்டா? கடைக்காரர் கட்டுரையைக் கத்தரித்துக் கொடுத்ததுமில்லை. ஓராண்டுக்குக் கையெழுத்துக் கேட்டதுமில்லை. ஒரு நாள் தாள், ஒரு நாள் விலை. வேண்டுமென்றால் நாளை வா, வேண்டாமென்றால் போ. செய்தித்தாளின் இயல்பான அளவு அதுவே. 1833இல் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் ‘சன்’ என்னும் நாளிதழைத் தொடங்கியபோது, மற்றத் தாள்கள் ஆறு சென்ட் விலையில், பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாக, வணிகர் வீடுகளுக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு சென்ட் விலை வைத்து, சிறுவர்களைக் கொண்டு தெருவில் ஒவ்வொரு தாளாக விற்றார். கூலியாளும் நாளிதழ் படிக்கலானான். அன்று அவர் உடைத்தது ஆண்டு என்னும் அளவை, தாளை அன்று.

இணையத்திலோ அந்த நடு அளவையே காணாமற் போக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் கட்டுரை கட்டுரையாகக் கேட்கும் வாசகர். மறுபக்கம் ஆண்டாண்டாக விற்கும் முதலாளி. இடையில் இருந்த ‘இன்றைய தாள்’ எங்கே? ஒரு நாள் அனுமதி விற்றுப் பார்த்த இதழ்கள் சில உண்டு. ஆனால் அதை ஒரு மூலையில் வைத்தார்களேயன்றி வாசலில் வைக்கவில்லை. கட்டம் போட்ட அட்டை ஒன்றை வாசலில் தொங்கவிட்டு, கடையில் விற்கும் அதே விலைக்கு அன்றைய தாள் முழுவதையும் நள்ளிரவு வரை திறந்துவிடுவதில் என்ன இடர்? அட்டை எண் கேட்காதீர், தானாகக் கழிக்காதீர், மறந்தவன் பணத்தில் பிழைக்காதீர். ஆண்டுச் சந்தாதாரர் குறைந்துவிடுவர் என்பது அவர்கள் அச்சம். மறதியால் தொடரும் சந்தாதாரர் குறையத்தான் செய்வர், குறையட்டும்.

இங்கே இன்னொரு செய்தியையும் கூறிவிடுகின்றோம். இணையத்தின் விதிகளை வகுத்தோர் 1990களிலேயே 402 என்றோர் எண்ணை ஒதுக்கி வைத்தனர். ‘பணம் கட்டினால் கதவு திறக்கும்’ என்பது அதன் பொருள். கால் நூற்றாண்டுக்கு மேலாக அது பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் என்னும் நிறுவனம் அதனைத் தட்டி எழுப்பிற்று. யாரிடம் காசு கேட்க? மனிதரிடம் அன்று, செயற்கை அறிவுக்குத் தீனி தேடி இதழ்களின் பக்கங்களை மேயும் எந்திரங்களிடம். பக்கத்திற்கு இவ்வளவு என்று எந்திரத்திடம் விலை கேட்பது நியாயமே. எத்தனை தராசு தூக்கினாலும் எந்திரம் களைக்காது. கூறு போட்ட வாணிபத்திற்கு ஏற்ற வாடிக்கையாளர் கடைசியில் கிடைத்துவிட்டார் என்றே நாம் நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் தாளும் வாங்க இயலாதவன் இருக்கின்றான். தேநீர்க் கடையில் ஒரு தாளை நாற்பது பேர் படித்தனர். இணையச் சந்தாவோ ஓர் ஆளின் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் கட்டுண்டது; பகிர்ந்தால் குற்றம். ஏழை வாசகனை இதைவிடத் திறமையாக வெளியேற்றிய ஏற்பாடு அச்சுக் காலத்தில் இருந்ததில்லை. இதற்கு விடை நம் மாநிலத்திலேயே உண்டு. 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாமெல்லாரும் கட்டி வருகின்றோம். அந்த வரிப் பணத்தில் நூலகம் அச்சுத் தாளை வாங்கி மேசையில் போடுகின்றதே; இணையத் தாளையும் வாங்கி, நூலக உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் திறக்கும்படி ஏன் செய்யலாகாது? அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பொது நூலக அட்டை வைத்திருப்பவர் நியூயார்க் டைம்ஸை இவ்வாறே காசின்றிப் படிக்கின்றார்.

நடக்காத காரியம் என்பார்க்கு ஒன்று கூறுவோம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டு ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவரும் ஆசிரியரும் படிப்பதற்காக மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆய்விதழுக்கு ஆவது நாளிதழுக்கு ஆகாதா? ஆனால் நாளிதழைப் பொறுத்தவரை அந்தப் பணம் தலைநகரிலிருந்து வரலாகாது என்பதில் நாம் உறுதியாக இருக்கின்றோம். அரசு விளம்பரத்திற்காகக் குரல் தாழ்த்தும் தாள்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அரசுச் சந்தாவுக்காகவும் தாழ்த்த வேண்டுமா? மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கையிலுள்ள, ஊரார் கட்டிய வரியிலிருந்து, ஊரார் கேட்கும் தாளுக்குப் போகட்டும்.

நம் மாணவர் விடுப்பு முடிந்து சென்னை திரும்புமுன் இதையெல்லாம் அவரிடம் கூறினோம். கட்டுரை விற்பனையைப் பற்றி அவர் இன்னும் இணங்கவில்லை; நூலகத்தைப் பற்றி இணங்கினார். இருவரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். தமிழ் நாளிதழ் இரண்டு, ஆங்கில நாளிதழ் ஒன்று, இவற்றின் இணையப் பதிப்புகளைக் கிளை நூலக உறுப்பினர் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. தையற்கடைக் காக்காவின் மகன் உள்பட 63 பேர் கையெழுத்திட்டனர். ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைப்பதாகக் கூறி நூலகர் பெற்றுக்கொண்டு, நகலில் முத்திரையும் தேதியும் இட்டுத் தந்தார்.